கவுன்சிலர் ஆபீஸ்: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

எங்கள் தெருப் பரோட்டாக் கடைக்கு ஊரே மதிப்புரை எழுதியிருக்கிறது. சால்னாவில் காரம் தூக்கல், கொத்துப் பரோட்டா வர நேரமாகிறது, வண்டி நிறுத்த இடமில்லை, ஒன்றையும் விடவில்லை. அதற்கு ரெண்டு கடை தள்ளி வார்டு கவுன்சிலர் ஆபீஸ். அதைப் பற்றி ஒருத்தரும் ஒரு வரி எழுதியதில்லை. பரோட்டா பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவில் வேறு கடை இருக்கிறது. கவுன்சிலர் பிடிக்கவில்லை என்றால் அஞ்சு வருசம் காத்திருக்கணும். எதைப் பற்றி முதலில் எழுதியிருக்கணும் என்று நீங்களே சொல்லுங்கள்.

வார்டு எண்ணையும் கட்சியையும் சொல்லப்போவதில்லை. நாளைக்கும் அதே தெருவில் நான் கடையைத் திறக்கணும். மதுரையில் வைகைக்கு வடகரை, 2011-இல் மாநகராட்சியோடு சேர்த்த பகுதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு அங்கே ஜெராக்ஸ் கடை. டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன், ஜூன் மாதம் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை. கவுன்சிலரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். மனு எழுத, ஆதார் நகல் எடுக்க, சில பேர் “உள்ள இருக்காங்களாக்கா?” என்று கேட்டுவிட்டுப் போக. மனு கூடினால் எனக்கு வரும்படி கூடும். ஆகவே இந்த மதிப்புரையில் எனக்கும் ஆதாயம் உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கல்யாணமாகி நான் இங்கே வந்தபோது இது கிராம ஊராட்சி. தேர்தல் என்றால் கையில் நாலு சீட்டு கொடுப்பார்கள், நாலும் நாலு நிறம்: வார்டு உறுப்பினருக்கு, தலைவருக்கு, ஒன்றியக் கவுன்சிலருக்கு, மாவட்டக் கவுன்சிலருக்கு. தலைவருக்கும் உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, கட்டில் என்று ஏதாவது வரும். என் மாமியார் ஆள் பேரை மறந்தாலும் சின்னத்தை மறக்கமாட்டார். தலைவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் மாமனார் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவார். காப்பி குடித்து, கல்யாணம் காதுகுத்தெல்லாம் பேசி முடித்து, எந்திரிக்கும்போது “தண்ணி வரலப்பா” என்பார். மறுநாள் வந்துவிடும். கிழக்குத் தெருக்காரர்கள் அந்தத் திண்ணையில் உட்கார முடியாது, வாசலில் நின்றுதான் சொல்லணும் என்பதையும் சேர்த்தே சொல்லணும். அந்தக் காலம் பொற்காலம் என்று இப்போது சில பெரியவர்கள் பேசுகிறார்கள். அவர்கள் எல்லாரும் திண்ணையில் உட்கார்ந்தவர்கள்.

2011-இல் 72 வார்டு 100 வார்டு ஆனது. ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும் திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி பேரூராட்சிகளும் எங்களைப் போன்ற ஊராட்சிகளும் மாநகராட்சிக்குள் வந்தோம். அந்த அக்டோபரில் மேயருக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று என்று ரெண்டு ஓட்டு. வீட்டு வரி ரசீதில் மதுரை மாநகராட்சி என்று வந்தது; மனைகளின் விலை ஏறியது. அந்த அஞ்சு வருசத்தைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை.

அதற்குப் பிறகு வந்த காலத்தைப் பற்றித்தான் நிறைய சொல்லணும். 2016 அக்டோபர் 17, 19 என்று மறுபடி தேர்தல் அறிவித்தார்கள். வேட்புமனுத் தாக்கல் முடிந்த கையோடு, அக்டோபர் 4-ஆம் தேதி, சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பையே ரத்து செய்தது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு ஒழுங்காகச் செய்யப்படவில்லை என்று போட்ட வழக்கு அது. என் கடையில் கட்டுக்கட்டாக நகல் எடுத்துக்கொண்டு போனவர்களில் ஒருவர் அன்றைக்கு மத்தியானம் வந்து நின்றார். வேட்டியெல்லாம் புதுசு. “அக்கா, டெபாசிட் திரும்பி வருமா?” என்றார். மூணு நாள் முன்னால் குடிதண்ணீர் பிரச்சினையைத் தீர்ப்பேன் என்று எனக்கே நோட்டீஸ் கொடுத்தவர் அவர்.

அந்த மாதம் 24-ஆம் தேதியோடு பழைய மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த மன்றம் உட்கார்ந்தது 2022 மார்ச்சில். நடுவில் அஞ்சு வருசத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. மாநகராட்சியில் ஆணையர்தான் தனி அலுவலர். வார்டு மறுவரையறை, வழக்கு, கொரோனா என்று காரணம் மாறிக்கொண்டே போனது. கிராமப்புறத்துக்காவது 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. நகர்ப்புறத்துக்கு அதுவும் இல்லை. அந்த வருசங்களில் பதினெட்டு வயதானவர்கள், உள்ளாட்சி ஓட்டு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ரெண்டு பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் வேலையே நடக்கவில்லை என்று சொன்னால் பொய். ரோடு போட்டார்கள், லைட் மாற்றினார்கள். ஆனால் யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் ஒருத்தருக்கும் தெரியவில்லை. என் கடைக்கு வந்து ‘ஆணையர் அவர்களுக்கு’ என்று மனு டைப் அடித்துக்கொண்டு போவார்கள். தபாலில் போடுவார்கள். ஒரு மாதம் கழித்து வந்து “பதில் வந்துச்சாக்கா?” என்று என்னைக் கேட்பார்கள், ஏதோ நான்தான் ஆணையர் மாதிரி. பக்கத்துத் தெரு ஆச்சி ஒருவர் தெருவிளக்குக்காகவே மனு மேல் மனுவாக எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தக் கம்பத்துக்கு எதிர்வீட்டுக்காரரே சொந்தச் செலவில் வாசலில் ஒரு பல்பு மாட்டினார். ஆச்சி அவரிடமும் ஒரு மனு கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டது.

2022 ஜனவரி 28-ஆம் தேதி வேட்புமனு ஆரம்பித்தது. பிப்ரவரி 4 கடைசி நாள். அந்த வாரம் என் கடையில் கால் வைக்க இடமில்லை. உறுதிமொழிப் பத்திரம், வரி பாக்கி இல்லை என்ற சான்று, முன்மொழிகிறவரின் வாக்காளர் பட்டியல் பக்கம், எல்லாவற்றுக்கும் ரெண்டு மூணு நகல். மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 2,000. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் திருத்திய பிறகு வந்த முதல் நகர்ப்புறத் தேர்தல் அல்லவா, அதனால் ஃபைலைக் கணவர் வைத்திருப்பார், ஃபைலுக்குப் பின்னால் மனைவி நிற்பார். ‘வேட்பாளர் தொழில்’ என்ற இடத்தில் என்ன போடுவது என்று கணவர் என்னைக் கேட்பார். பின்னால் நிற்கிற அம்மாவிடம் கேட்டால் “அவுகளையே கேட்டுக்கங்க” என்று பதில் வரும்.

இப்போதைய கவுன்சிலரும் அந்த வரிசையில் நின்றவர்தான். ஒரே வித்தியாசம், பாரத்தைத் தானே எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லாமல், வட்ட வட்டமான எழுத்து. கணவர் பக்கத்தில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் பிள்ளையின் பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டுக்குக் கலர் பிரிண்ட் எடுக்க வருவார். என்னைவிடச் சின்னவர், வா போ என்றுதான் பேசுவேன். இப்போது ஆபீசில் ஆள் இருந்தால் வாங்க போங்க. ஆள் இல்லாவிட்டால் பழையபடி.

பிப்ரவரி 19 சனிக்கிழமை ஓட்டு. காலை 7 முதல் சாயங்காலம் 6 வரை. கடைசி ஒரு மணி நேரம் கொரோனா நோயாளிகளுக்கு. மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் வரிசையே இல்லை. ஓட்டுப் போட்ட மாதிரியே தெரியவில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். 2011-இல் ரெண்டு ஓட்டு, இந்தத் தடவை ஒன்றுதான். மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்று 2019-இல் மாற்றிவிட்டார்கள். மாநிலம் முழுக்க 60.70 சதவீதம் பதிவானது. அதில் பேரூராட்சிகளில் 74.68, மாநகராட்சிகளில் 52.22. அதாவது ஊர் பெரிதாகப் பெரிதாக ஓட்டுப் போடுகிறவர் குறைகிறார். சோழவந்தான், அலங்காநல்லூர் மாதிரி ஊரில் வேட்பாளர் யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் வார்டில் புதிதாக வந்த அடுக்குமாடிக்காரர்களுக்குத் தாங்கள் எந்த வார்டு என்பதே தெரியாது. தெருவில் தண்ணீர் தேங்கினால் மட்டும் தெரிந்துகொள்வார்கள்.

22-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை எண்ணினார்கள். டிவியில் மாநகராட்சி வாரியாக எண்ணிக்கை ஓடியதே தவிர எங்கள் வார்டு வரவே இல்லை. முடிவு வெடிச் சத்தத்தில்தான் தெரிந்தது. மத்தியானம் போல முதலில் மேற்கே சரவெடி, கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது. பிறகு கிழக்கே ஆரம்பித்து ஓயவே இல்லை. அதற்கப்புறம் ஒரு ஆள் பைக்கில் வந்து, “எரநூறு முந்நூறு ஓட்டுதான் வித்தியாசம்” என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக்கு உட்காருகிற கூட்டம் அவ்வளவுதான். அடுக்குமாடியில் அன்றைக்குத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்திருந்தால் வெடி வேறு தெருவில் கேட்டிருக்கும்.

மறுநாள் பேப்பரில் மொத்தக் கணக்கு வந்தது. 100 வார்டில் தி.மு.க. 67, அ.தி.மு.க. 15, காங்கிரஸ் 5, மார்க்சிஸ்ட் 4, ம.தி.மு.க. 3, விடுதலைச் சிறுத்தைகள் 1, பா.ஜ.க. 1, சுயேச்சைகள் 4. டீக்கடையில் அந்த 67-ஐ வைத்துத்தான் ஒரு வாரம் பேச்சு. எனக்கு அந்த 4 பேர்மேல்தான் கண் போனது. வேட்புமனு வாபஸ் பிப்ரவரி 7. அதற்குப் பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம் கொடுப்பார்கள். பத்து நாளில் அந்தச் சின்னத்தைத் தெருத்தெருவாகத் தெரியவைத்து, கொடியும் கூட்டணியும் இல்லாமல் ஜெயித்து வருவது என்றால் அந்த வார்டில் அவர் ஏற்கெனவே ஏதோ செய்திருக்கிறார் என்று அர்த்தம். அல்லது அவருக்குச் சீட்டுக் கொடுக்காத கட்சி தப்புக் கணக்குப் போட்டிருக்கிறது. ரெண்டும் ஒரே ஆளுக்குப் பொருந்தவும் பொருந்தும்.

மார்ச் 4-ஆம் தேதி மேயர் தேர்தல். மதுரை மேயர் பதவி இந்தத் தடவை பெண்ணுக்கு. இந்திராணி பொன்வசந்த் வந்தார், துணை மேயராக மார்க்சிஸ்ட் கட்சியின் நாகராஜன். 1971-இல் மதுரை மாநகராட்சியானபோது முதல் மேயர் மதுரை முத்து. என் மாமனார் கடைசிவரை மேயர் என்றால் அவரைத்தான் சொல்வார். மாநகராட்சித் தலைமை ஆபீசான அண்ணா மாளிகையில் நடப்பதெல்லாம் பத்திரிகையில் தினமும் வருகிறது, அதை எழுத ஆள் இருக்கிறார்கள். நான் என் தெரு அளவோடு நிற்கிறேன்.

சரி, ஆபீஸ். முன்னால் சிமெண்டுக் குடோனாக இருந்த ஒரு ஷட்டர் கடை. உள்ளே பச்சைப் பெயிண்ட், சுவரெல்லாம் தலைவர்கள் படம், நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தண்ணீர்க் கேன். கேனில் எப்போதும் தண்ணீர் இருக்கும், டம்ளர்தான் இருக்காது. மேசைமேல் ஒரு நீள நோட்டு. வருகிறவர் பேர், தெரு, குறை, தேதி எல்லாம் அதில் ஏறும். முதல் வருசம் கவுன்சிலரே எழுதினார். இப்போது ஒரு பையன் எழுதுகிறான். எழுத்து அவனுக்கே புரிவதில்லை. இதற்கு அரை நட்சத்திரம் குறைக்கிறேன்.

ஆபீஸ் போனைக் கணவர்தான் எடுப்பார். “சொல்லுங்க, கவுன்சிலர் ஆபீஸ்” என்பார். பாதிப் பேர் அவரையே ‘கவுன்சிலரண்ணே’ என்கிறார்கள், அவரும் மறுப்பதில்லை. வாசல் போர்டில் அம்மாவின் படம் எவ்வளவு பெரிதோ அதே அளவு அய்யாவின் படமும். பெண்களுக்கு ஒதுக்கிய நிறைய வார்டில் இதே கதைதான், தமிழ்நாடு முழுக்கப் பேசுகிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. ஓட்டு மிஷினில் இருந்தது கணவர் பேர் இல்லை. ஆனால் கோபப்பட்டுக்கொண்டே ஒன்றைக் கவனித்தேன். ஆபீசில் அந்தம்மா வாயைத் திறப்பது குறைவு. காலையில் வெள்ளனா தெருவில் பார்த்தால் வேறு ஆள்.

அதற்கு ஒரு உதாரணம். ஒரு கார்த்திகை மாத மழையில் எங்கள் தெருப் பாதாள சாக்கடை பொங்கிவிட்டது. மூடி வழியாகக் கறுப்புத் தண்ணீர் வந்து, பரோட்டாக் கடை வாசலைத் தாண்டி, பள்ளிக்கூடம் போகிற பாதையெல்லாம். ஆபீசுக்குப் போன் போட்டால் அண்ணன் எடுத்து “சொல்லியாச்சு, வண்டி வந்துட்டிருக்கு” என்றார். அன்றைக்கு வண்டி வரவில்லை. மறுநாளும் “வந்துட்டிருக்கு.” மூணாம் நாள் விடியக்காலையில் பரோட்டாக் கடை மாஸ்டரும் நானும் கவுன்சிலர் வீட்டுக்கே போனோம். அந்தம்மா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். வாளியை அப்படியே வைத்துவிட்டு எங்களோடு நடந்தே வந்தார். தண்ணீருக்குள் காலை வைத்து நின்று, மூடி எங்கே இருக்கிறது என்று பார்த்தார். தன் சொந்தப் போனில் உதவிப் பொறியாளரைக் கூப்பிட்டு, “சார், நான் சாக்கடையிலதான் நிக்கிறேன். நீங்க வர்ற வரைக்கும் இங்கனதான் நிப்பேன்” என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

முதலில் ரெண்டு தொழிலாளர்கள் மூங்கில் பத்தையோடு வந்தார்கள். குத்திப் பார்த்தும் போகவில்லை. கூட வந்த மேஸ்திரி, ஒருத்தர் இறங்கினால் முடிந்துவிடும் என்கிற மாதிரி பேச ஆரம்பித்தார். “ஆளை எறக்குற பேச்சே வேணாம்ணே, வண்டி வரட்டும்” என்றார் கவுன்சிலர். 2013-லிருந்தே சட்டப்படி தடை. தெருவில் நின்ற எங்களில் பாதிப் பேர் நாற்றம் தாங்காமல் யாராவது இறங்கித் தொலைக்கட்டும் என்ற மனநிலையில்தான் இருந்தோம். வண்டி பத்து மணிக்கு வந்தது. அடைப்பு எடுத்ததில் வெளியே வந்தது என்ன என்று மாஸ்டர் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. அவரே கொஞ்சம் கோழி எலும்பைப் பற்றி யோசிக்கட்டும்.

அன்றைக்கு அந்தம்மாவுக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்திருப்பேன். ஆனால் போனில் சொன்ன ரெண்டு நாளும் எங்கே போனது? ஆபீஸ் என்று ஒன்று இருந்தும், வீட்டு வாசலுக்குப் போனால்தான் நடக்கும் என்றால், பழைய திண்ணைக் கதைதான் மறுபடியும். கவுன்சிலர் வீட்டுக்குப் போக எனக்குக் கூச்சமில்லை. வாடகைக்குக் குடியிருக்கிற, ஊர் புதிதான ஒரு பெண் போவாளா?

தெருவிளக்கு விஷயத்தில் குறையே சொல்லமுடியாது. கம்பத்தில் இருக்கிற எண்ணைச் சொன்னால் பெரும்பாலும் அந்த வாரத்திலேயே எரியும். நம்முடைய ஆச்சிக்கும் எரிந்துவிட்டது. இப்போது வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று மனு எழுதலாமா என யோசித்துக்கொண்டிருக்கிறது. குப்பை வண்டி வருகிறது. தண்ணீர் லாரி சொன்னால் வரும், சொன்ன நேரத்துக்கு வராது. லோயர் கேம்ப்பிலிருந்து முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் கொண்டுவரும் திட்டத்துக்குக் குழாய் பதிக்கத் தோண்டியபோது தெருவே உழுத வயலாகக் கிடந்தது. அதற்குக் கவுன்சிலரைத் திட்டுவது நியாயமில்லை, திட்டினோம். நாய்த் தொல்லை பற்றி எழுதவேண்டாம், அது யாராலும் முடியாத காரியம்.

கவுன்சிலரிடம் போகவே வேண்டாத வேலைகளுக்கும் ஆபீசில் கூட்டம் நிற்கிறது. இதை நான் தினமும் கடையில் கரடியாகக் கத்துகிறேன். பட்டா மாறுதலும் முதியோர் உதவித்தொகையும் தாலுகா ஆபீஸ். கரண்டுக் கம்பம் மின்வாரியம். குழந்தை பிறந்து 21 நாளுக்குள் பதிந்தால் பிறப்புப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, யார் சிபாரிசும் தேவையில்லை. 2023-இல் மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்பித்தபோது, கவுன்சிலர் கையெழுத்துப் போட்டால்தான் ஆயிரம் ரூபாய் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டு, ஆபீஸ் வாசலில் வரிசை என் கடையை மறைத்து நின்றது. அந்தக் கையெழுத்துக்குப் படிவத்தில் இடமே இல்லை. அந்தம்மாவும் வெளியே வந்து சொல்லித்தான் பார்த்தார். “எதுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்கம்மா” என்று நீட்டினார்கள்.

வரி விஷயம். கவுன்சிலர்கள் பதவியேற்ற அடுத்த மாதம், ஏப்ரல் 1-ஆம் தேதி, சொத்துவரி உயர்வை அரசு அறிவித்தது. எங்களைப் போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100, கடைகளுக்கு 100. என் வீட்டுக்கு ஐம்பது. கடை வாடகைக் கடை, நூறையும் வாடகையில் ஏற்றிவிட்டார் ஓனர். “இது மேல எடுத்த முடிவுக்கா, எங்கள யாரு கேட்டா?” என்றார் கவுன்சிலர். உண்மைதான். ஆனால் ஓட்டுக் கேட்க வந்தபோது ‘மேலே’ என்று ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லையே. நான் அதைக் கேட்டபோது சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நட்சத்திரம் கூட்டுவதா குறைப்பதா என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அவர்கள் பக்கமும் ஒன்று சொல்லணும். மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் என்று வந்ததே 2023 ஜூலையிலிருந்துதான், 10,000 ரூபாய். அதற்கு முன்னால் கூட்டத்துக்குப் போனால் படி. இந்தப் பத்தாயிரத்தில் ஒரு மாத மொய்கூடத் தாங்காது. வார்டுக்குள் எந்த வீட்டுப் பத்திரிகையும் கவுன்சிலர் பேருக்கு வராமல் இருப்பதில்லை. ஆடி வந்தால் ஒவ்வொரு கோயில்காரரும் ரசீதுப் புத்தகத்தோடு வருகிறார்கள். இதையெல்லாம் எதிர்பார்த்து வாங்குகிற நாமே, ‘காசு எங்கேயிருந்து வருது’ என்று டீக்கடையில் கேட்கிறோம்.

பகுதி சபையைப் பற்றி எழுதாமல் விட முடியாது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று முதல் தடவையாகக் கூட்டினார்கள். கிராம சபை மாதிரி நகரத்துக்கு. ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, கவுன்சிலர் தலைமையில். எங்களுக்குப் பள்ளிக்கூட வளாகத்தில் சாமியானா போட்டு நடந்தது. வந்தவர்களில் பாதி கட்சிக்காரர்கள், மீதியில் பாதி வடைக்கு வந்தவர்கள். ஆனால் அங்கேதான் கிழக்குத் தெருப் பெண் ஒருத்தர் எழுந்து, தங்கள் தெருவுக்கு மட்டும் ரெண்டு நாளுக்கு ஒருதரம் தண்ணீர் வருவது ஏன் என்று மைக்கில் கேட்டார். மைக்கில் கேட்டதால் பதில் சொல்லித் தீரவேண்டியிருந்தது. கவுன்சிலரின் கணவர் எழுந்தார். “நீங்க உக்காருங்கண்ணே, அவுக சொல்லட்டும்” என்றார் அந்தப் பெண். கூட்டம் கைதட்டியது. அந்தம்மா எழுந்து, குழாய் எங்கே குறுகலாக இருக்கிறது என்பது வரைக்கும் சொன்னார். தெரியாமல் இருந்ததில்லை, கேட்கத்தான் ஆளில்லை. அடுத்த கோடைக்குள் குழாய் மாற்றினார்கள். இந்த ஒரு கூட்டத்துக்கு முழு நட்சத்திரம் தனியாகக் கொடுக்கலாம். ஆனால் இது எப்போது கூடுகிறது என்று முன்னாலேயே எல்லா வீட்டுக்கும் சொல்வதில்லை. ஒரு பக்கம் நோட்டீஸ் அடித்தால் என்ன குறைந்துவிடும்? நானே சும்மா அடித்துக் கொடுக்கிறேன் என்று சொல்லியாகிவிட்டது.

மூன்று நட்சத்திரம் குறைவு என்று சிலருக்குத் தோன்றும், அதிகம் என்று நிறையப் பேருக்கு. அதிகம் என்பவர்கள் என் அம்மா ஊருக்கு ஒருதரம் போய்வரணும். உசிலம்பட்டிப் பக்கம். அங்கே 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் தேர்தல் இல்லை, தனி அலுவலர். ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறவர் பல ஊராட்சிகளைப் பார்க்கணும். மோட்டார் எரிந்துபோனது என்று அம்மா போனில் எனக்குச் சொல்கிறார். நான் மதுரையிலிருந்து என்ன செய்ய? பழைய தலைவர் ஊரில்தான் இருக்கிறார். “எனக்கு இப்ப அதிகாரமில்ல அத்தே” என்கிறாராம். எங்கள் மாநகராட்சி 2016-லிருந்து பார்த்த அதே படம்.

அதே உசிலம்பட்டிப் பக்கத்தில்தான் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும். தலைவர் பதவி பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996-லிருந்து பத்து வருசம் அங்கே நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை. மனுப் போட ஆளிருக்காது, போட்டு ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. நாட்டார்மங்கலத்திலும் அப்படித்தான். 2006 அக்டோபரில்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்து தலைவர்கள் உட்கார்ந்தார்கள். மேலூர்ப் பக்கம் மேலவளவில், தேர்தலில் ஜெயித்து உட்கார்ந்த தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997-இல் வெட்டியே கொன்றார்கள். சின்ன வயசில் இதையெல்லாம் வீட்டில் தணிந்த குரலில் பேசக் கேட்டிருக்கிறேன். எங்கள் வார்டு ஆபீசில் டம்ளர் இல்லை என்று நான் புகார் எழுதுகிறேன். எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்து, கிழக்குத் தெருக்காரர் உள்ளே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்லிவிட்டுப் போவதை என் கடையிலிருந்து தினமும் பார்க்கிறேன். மூணு நட்சத்திரத்தில் ஒன்றரை அதற்குத்தான்.

இந்த மன்றத்தின் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. இதே அம்மா நின்றால் ஓட்டுப் போடுவாயா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆபீஸ் போனை அவரே எடுத்தால் போடுவேன் என்றேன். அது அவர் காதுக்குப் போயிருக்கணும். போன வாரம் ஒரு மதிய நேரம் போன் போட்டபோது அவரே எடுத்தார். “அண்ணன் சாப்பிடப் போயிருக்காக” என்றார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை எட்டரைக்கு மேல் பத்தரைக்குள் போங்கள். அதற்கு மேல் அண்ணன்தான் இருப்பார். தெருவிளக்கென்றால் கம்பத்து எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். சாக்கடையென்றால் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், நாற்றத்தை வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். மனுவில் ரெண்டு நகல் எடுத்து ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டில் உங்கள் பேரை அந்தப் பையன் எழுதுகிறானா என்று குனிந்து பாருங்கள். வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் போகவே போகாதீர்கள். அன்றைக்கு ரெண்டு பேரும் கல்யாணம் கல்யாணமாக மொய் எழுதிக்கொண்டிருப்பார்கள், ஷட்டர் பாதிதான் திறந்திருக்கும்.